மாற்றாமல் எழுதவும்

பக்கத்து அறையில் மறுபடியும் சிரித்தார்கள்.

எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருப்பது சுவர் அல்ல, பிளைவுட் தடுப்பு. கீழே டயர் கடை. அங்கே காற்றடிக்கும் இயந்திரம் ஓடும்போதுகூட என் குரல் கடைசி பெஞ்சு வரை போகும். அண்ணியின் வகுப்பு சிரிக்கும்போது மட்டும் போகாது. பதினெட்டுத் தலைகளும் தடுப்பின் பக்கம் திரும்பிவிடும்.

"இங்க பாருங்க," என்றேன்.

பலகையில் வானிலை அட்டவணை வரைந்திருந்தேன். ஏழு நாள், ஏழு கட்டம். சூரியன், மேகம், மழைத்துளி. அதைப் பார்த்து, நாளை மழை பெய்யும், நாளை மறுநாள் வெயில் அடிக்கும் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அந்த மாதப் பாடம் எதிர்காலம். நாளைக்கு என்ன நடக்கும், அடுத்த வருடம் என்ன செய்வார்கள், பெரியவர்களானால் என்ன ஆவார்கள் என்று பத்து வயதுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் பேசப் பழக வேண்டும். நான் வேதியியல் படித்தவள். எதையும் கட்டம் போட்டால்தான் எனக்கு விளங்கும்.

"மிஸ், வியாழக்கிழமை நிஜமாவே மழை வருமா?" என்று கேட்டான் ரேடியோ. ஓயாமல் பேசுவதால் வகுப்பு வைத்த பெயர்.

"தெரியாதுடா. இது சும்மா ஒரு உதாரணம்."

"தெரியாம எப்படி மிஸ் வரும்னு சொல்றது? பொய்யாயிடாதா?"

நான் பதில் யோசிப்பதற்குள் பக்கத்து அறையில் கைதட்டினார்கள்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த ஆங்கிலப் பயிற்சி மையத்துக்கு வந்து எட்டு மாதம். இன்னொரு ஆள் வேண்டும் என்று மேடம் கேட்டபோது அண்ணியைச் சொன்னது நான்தான். வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று நினைத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

என்னைவிட ஒரு வயது மூத்தவள். கல்லூரியில் ஆங்கிலத் தாளில் ஒருமுறை தோற்றவள். அதையும் அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். "இங்கிலீஷ் என்ன ஃபெயில் பண்ணுச்சு, இப்ப நான் அத பழிவாங்கறேன்" என்று பிள்ளைகளிடமே சொல்லியிருக்கிறாள். அவர்களுக்கு அது பெரிய வேடிக்கை.

அவள் அறையில் கைப்பிடி உடைந்த ஒரு நாற்காலி இருந்தது. அதன் முதுகில் 'நாளை' என்று எழுதி ஒட்டியிருந்தாள். அதில் யார் உட்கார்ந்தாலும் அவர்களுக்கு இன்றைய நாள் முடிந்துவிட்டது என்று கணக்கு. இனி நடக்கப்போவதைச் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். ஒருவன் பூனை வளர்ப்பேன் என்றால், பூனை எங்கே தூங்கும், அப்பா திட்டுவாரா, பூனை பதிலுக்கு அப்பாவைத் திட்டுமா என்று கேள்விகள் பறக்கும். எல்லாம் தடுப்பைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

நானும் ஒரு நாள் ஒரு நாற்காலியைப் பலகைக்கு முன்னால் இழுத்துப் போட்டேன். ரேடியோவை உட்காரச் சொன்னேன்.

அவன் நாற்காலியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "மிஸ், இது அந்த ரூம் விளையாட்டு. இங்க கட்டம்தான்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளினேன். காது இரண்டும் சுட்டன.

அதன்பிறகு என் வழியில் போனேன். பன்னிரண்டு வாக்கியங்கள் எழுதி மனப்பாடம் செய்ய வைத்தேன். என் பிள்ளைகள் பிழையில்லாமல் பேசினார்கள். எல்லோரும் மருத்துவர் ஆவார்கள். எல்லோரும் ஏழைகளுக்கு உதவுவார்கள். எல்லோரும் பெற்றோரை நன்றாகக் கவனித்துக்கொள்வார்கள்.

எல்லோரும் என்பது சரியல்ல. ஒரு பெண் பேசவே மாட்டாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், நிலத்தைப் பார்ப்பாள், உட்காரச் சொன்னால் உட்காருவாள். பிள்ளைகள் அவளை ம்யூட் என்று கூப்பிட்டார்கள். கூப்பிடக் கூடாது என்று நான் கண்டிப்பேன். என் மனதுக்குள்ளும் அவளுக்கு அந்தப் பெயர்தான் இருந்தது.

வீட்டிலும் இதே கதை. நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் வீடு திரும்புவோம். அம்மா வெங்காயம் உரித்தபடி அண்ணியிடம் அன்றைய வகுப்புக் கதையைக் கேட்பாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன்.

"பூனை அவங்கப்பாவ திட்டுச்சாக்கும்? அப்புறம்?"

"அப்புறம் என்ன, அத்தை. அவங்கப்பாவும் பூனையும் ஒரு வாரம் பேச மாட்டாங்களாம்."

அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வெங்காயத்தால் அல்ல. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்துச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிப்ரவரி முதல் வாரம் மேடம் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மையம் அவருடையது. நேரே விஷயத்துக்கு வருகிறவர்.

"ஜூன்லேருந்து ரெண்டு வகுப்பையும் ஒண்ணாக்கப் போறேன். தடுப்ப எடுத்துடலாம். காலையில பெரியவங்களுக்கும் வகுப்பு ஆரம்பிக்கறேன். முழுநேரமா ஒருத்தர் இருந்தா போதும்."

"அப்ப இன்னொருத்தர், மேடம்?" என்றாள் அண்ணி.

"அதான் சங்கடம். ஒரே வீடுதானே, நீங்களே பேசி முடிவு பண்ணுங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன். அப்புறம் உங்க வீட்டுல அடுப்பு எரியாது." மேடம் சிரித்தார். "மாற்று வகுப்பு முடியட்டும். தாளப் பாத்து நானே சொல்றேன்."

மாற்று வகுப்பு என்பது எங்கள் மையத்தின் வழக்கம். வருடத்துக்கு ஒருமுறை, ஒரு பாடம் முடிந்ததும் ஆசிரியர்கள் அறை மாறி, ஒருவர் பிள்ளைகளை மற்றவர் சோதிக்க வேண்டும். அதற்கு ஒரு தாள். பிள்ளையின் பெயர், குரல், தெளிவு, பிழை, மதிப்பெண் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு, 'சொன்ன வாக்கியம் – மாற்றாமல் எழுதவும்'. ஒவ்வொரு பிள்ளையும் சொன்னதில் ஒரு பகுதியை, பிழை இருந்தால் பிழையோடு, அப்படியே எழுத வேண்டும். முன்பு யாரோ ஒரு ஆசிரியை எல்லாவற்றையும் அழகாகத் திருத்தி எழுதி மேடத்தை ஏமாற்றியிருக்கிறார். அதிலிருந்து இந்தக் கட்டம். மேடம் மதிப்பெண்ணைப் பார்க்க மாட்டார். இந்தக் கட்டத்தைத்தான் படிப்பார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகிவிட்டது. ஆய்வக வேலைகளுக்கு ஒன்பது நேர்காணலுக்குப் போனேன். ஒவ்வொரு அறையிலும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார்கள். எனக்குச் சத்தம் வரவில்லை. பிறகு ஒரு நாள், தற்செயலாக, இந்தப் பிளைவுட் அறையில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றபோது வந்தது. என் குரல் எழும்பிய ஒரே அறை இது. அண்ணிக்கு எந்த அறையிலும் எழும்பும். பேருந்தில் எழும்பும், அம்மாவின் அடுப்படியில் எழும்பும். அவளுக்கு இந்த அறை எதற்கு?

மாற்று வகுப்பு அன்று நான் தாளை அட்டையில் செருகிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். அண்ணி என் அறைக்குப் போனாள். வாசலில் ஒருவரையொருவர் கடந்தோம். "என் பசங்கள பயமுறுத்தாத, நாத்தனாரே," என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதினேழு பிள்ளைகள் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்த நாற்காலி.

"மிஸ், நீங்க எங்க மிஸ்ஸோட நாத்தனாரா?" என்று கேட்டான் முன்வரிசையில் ஒருவன்.

"ஆமா."

"சண்டை போடுவீங்களா?"

"இல்லையே."

"எங்க அத்தை போடுவாங்க. கதவச் சாத்திக்கிட்டு போடுவாங்க."

"சரி. நீ மொதல்ல வந்து உக்காரு," என்றேன்.

அவன் உட்கார்ந்து, தான் பெரியவனானதும் இடது கால் செருப்பு மட்டும் விற்கும் கடை வைப்பான் என்று ஆங்கிலத்தில் சொன்னான். எதிரில் அவன் தங்கை வலது கால் செருப்புக் கடை வைப்பாள். இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் ஊரே நொண்டும். ஒரு நிமிடத்தில் நான்கு பிழை. நான்கையும் குறித்தேன். ஒவ்வொரு பிழையும் எனக்குச் சர்க்கரையாக இனித்தது.

அடுத்தவள், நாளைக்கு என் பல் ஒன்று விழும், எந்தப் பல் என்று சொல்ல மாட்டேன் என்றாள். மூன்று பிழை. அதற்கடுத்தவன் தன் மாமாவின் திருமணத்தில் தூங்கிவிடப் போவதாகச் சொன்னான். இரண்டு பிழை. நான் குறித்துக்கொண்டே போனேன். பிழைகள் கூடக் கூட வாக்கியங்களும் என்னைக் குத்திக்கொண்டே இருந்தன. என் அறையில் இப்படி ஒரு வாக்கியம்கூட யாரும் சொன்னதில்லை. அங்கே எல்லோரும் மருத்துவர்கள்.

எட்டாவதாக இரட்டைச்சடைக்காரி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். கால் தரையைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் மிஸ்ஸுக்குப் பாப்பா பிறக்கும். பாப்பா நிறையத் தூங்கும். நாங்கள் எல்லோரும் பார்க்கப் போவோம். சத்தம் போட மாட்டோம்."

ஒரு பிழைகூட இல்லை.

"ஏய்!" என்றான் செருப்புக்கடைக்காரன். "அத சொல்லக் கூடாதுல்ல!"

"வெளியாள்கிட்டதான் சொல்லக் கூடாது. இவங்க மிஸ் வீட்டுலதானே இருக்காங்க." அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கொஞ்சம் கலக்கம். "உங்களுக்குத் தெரியும்ல, மிஸ்?"

பதினேழு முகங்களும் என்னைப் பார்த்தன.

"தெரியும்," என்றேன்.

போன வருடமும் இப்படி ஒரு செய்தி வந்தது. அப்போது அண்ணி எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள். அம்மா தெருவுக்கே சொன்னாள். மூன்றாவது வாரம் அது இல்லையென்று ஆகிவிட்டது. சொன்ன வீடுகளுக்கெல்லாம் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் இந்த முறை வாய் திறக்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் பதினேழு பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் அவளுக்கு அடுத்த அறையில் படுத்திருக்கும் எனக்குத் தெரியவில்லை. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது என்பாள் அம்மா. அப்படியானால் அண்ணி பயந்தது என் கண்ணுக்கா?

எட்டாவது வரிசையின் கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு மற்றவர்களைக் கேட்டு முடித்தேன். மணி அடித்தது. பிள்ளைகள் பைகளோடு இறங்கினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

வேறு வாக்கியம் எழுதலாம். பாப்பா நிறையத் தூங்கும் என்பதை மட்டும் எழுதலாம். அதுவும் அவள் சொன்னதுதான். அது யாருடைய பாப்பா என்று மேடத்துக்குத் தெரியப் போவதில்லை.

ஆய்வகத்தில் எங்களுக்குக் கற்றுத்தந்த முதல் விதி, கண்டதை எழுது, வேண்டியதை எழுதாதே. சோதனைக் குழாயில் நிறம் மாறினால் மாறியது என்று எழுது. அன்று அந்த விதியைப் பிடித்துக்கொண்டேன். ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மாதம்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

முதல் வாக்கியத்தை முழுதாக எழுதினேன். என் நல்ல கையெழுத்தில். அந்தப் பெண்ணுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். அன்று நான் போட்ட ஒரே பத்து அது.

வெளியே வந்தபோது அண்ணியும் தாளோடு வந்தாள்.

"உன் பசங்க தங்கம்," என்றாள். "சொன்ன பேச்சு கேக்குதுங்க. எனக்கு இருக்குதே பதினேழு, அதுல ஒண்ணுகூட கேக்காது."

இருவர் தாளையும் நானே வாங்கிக்கொண்டுபோய் மேடத்தின் மேசையில் வைத்தேன்.

மறுநாள் வகுப்புக்கு அரைமணி நேரம் முன்னால் மேடம் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"உங்க அண்ணி விசேஷமா இருக்காங்களாமே. நல்ல செய்தி. ஏன் ரெண்டு பேருமே மூச்சு விடல?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நல்லவேளை, தாள்ல வந்துச்சு. இல்லேன்னா அவங்களப் போட்டுட்டு ஆகஸ்ட்ல நான் ஆள் தேடி அலைஞ்சிருப்பேன். உண்மையச் சொன்னா, அவங்க வகுப்பு வாக்கியங்கள்தான் எனக்குப் பிடிச்சிருந்துது. ஆனா என்ன பண்றது? ஜூன்லேருந்து நீங்களே பாத்துக்கோங்க."

அவள் வகுப்பு வாக்கியங்கள்தான் அவருக்குப் பிடித்திருந்தன. வேலை கிடைத்த அதே மூச்சில் அதையும் கேட்க வேண்டியிருந்தது. நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

என் வகுப்பைப் பற்றி அண்ணி எழுதிய தாளை மேடம் என்னிடம் கொடுத்தார். தாள்கள் கடைசியில் அந்தந்த வகுப்பு ஆசிரியரிடமே போய்ச் சேரும். நான் எழுதியதும் இன்று அண்ணியின் கைக்குப் போகும். அதை நான் முந்தின நாளே யோசித்திருக்க வேண்டும். வருடாவருடம் நடக்கிற வழக்கம்தான். ஆனால் எழுதும்போது என் கண்ணுக்கு மேடத்தின் மேசை மட்டும்தான் தெரிந்தது.

படியில் நின்றபடியே தாளைப் படித்தேன். நான் மருத்துவர் ஆவேன். நான் மருத்துவர் ஆவேன். நான் ஏழைகளுக்கு உதவுவேன். எதையும் மாற்றாமல் எழுதியிருந்தாள். மதிப்பெண்ணை மட்டும் தாராளமாக, ஒன்பதும் பத்துமாகப் போட்டிருந்தாள். பன்னிரண்டாவது வரிசையில் ம்யூட்டின் பெயர். அங்கே கட்டம் வெறுமையாக இல்லை.

'நாளை நான் ஜன்னல் பக்கத்தில் உட்காருவேன்.'

நான் நம்பவில்லை. ஏழு மாதமாக என்னிடம் ஒரு சொல் பேசாதவள், அரைமணி நேரம் பார்த்த ஒருத்தியிடம் வாக்கியம் பேசுவாளா? அண்ணி கட்டிவிட்டிருக்கிறாள். பாவம் பார்த்து எழுதியிருக்கிறாள். எனக்கு வெட்கமில்லாமல் மகிழ்ச்சி வந்தது. கடைசியில் அவளும் பொய் எழுதிவிட்டாள்.

வகுப்புக்குள் நுழைந்தேன். ம்யூட் எப்போதும் கதவோரம் மூன்றாவது பெஞ்சில் இருப்பாள். அந்த இடம் காலியாக இருந்தது. அவள் ஜன்னல் பக்கத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று பக்கத்து அறையில் சத்தமே இல்லை. அண்ணி தாளைப் படித்திருப்பாள். காற்றடிக்கும் இயந்திரத்தின் ஓசை மட்டும் கீழிருந்து வந்தது. என் பிள்ளைகள் அப்படியும் தடுப்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு நடந்தபோது இரண்டு தெரு வரை அண்ணி பேசவில்லை. அவள் பேசாமல் நடந்து நான் பார்த்ததில்லை. மருந்துக்கடை முனையில் சொன்னாள்.

"உன் கையெழுத்து ரொம்ப அழகு."

"மாத்தாம எழுதணும்னு இருந்துது, அண்ணி."

"ஆமா. ஒரு புள்ளிகூட மாத்தல."

நடந்தோம்.

"நீங்க எங்கிட்ட சொல்லல," என்றேன்.

"யார்கிட்டயும் சொல்லல. உங்கண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்."

"பதினேழு பசங்களுக்குத் தெரியும்."

"போன மாசம் வகுப்புலயே வாந்தி எடுத்துட்டேன். நீ லீவு போட்ட அன்னைக்கு. பசங்க பயந்துட்டாங்க. மிஸ் செத்துடுவீங்களான்னு அந்த ரெட்டைச்சடை அழுவுறா. நான் என்ன சொல்லட்டும்? பாப்பா வரும், ஆகஸ்ட்ல வரும்னு சொன்னேன். இங்கிலீஷ்ல சொன்னேன். அழுகையும் நின்னுச்சு, பாடமும் நடந்துச்சு."

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் யார்கிட்டயாவது சொல்லியிருப்பேனா?"

அண்ணி நின்றாள்.

"போன தடவ சொன்னப்ப நீ சிரிச்ச. ஞாபகம் இருக்கா? பல்லு மட்டும்தான் சிரிச்சுது. அப்புறம் அது இல்லன்னு ஆனப்ப நீ அழுத. நல்லாவே அழுத, நான் இல்லங்கல. ஆனா அந்தச் சிரிப்ப இன்னொரு தடவ பாக்க எனக்குத் தெம்பு இல்லம்மா."

கண்ணேறு என்று நினைத்தேனே, அவள் என் கண்ணுக்குப் பயப்படவில்லை. என் முகத்தைப் படித்திருக்கிறாள், அவ்வளவுதான். நான் யாருக்கும் தெரியாது என்று நினைத்து உள்ளே வைத்திருந்தது, அவள் வந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதோடுதான் என்னை நாத்தனாரே என்று கூப்பிட்டுச் சிரித்திருக்கிறாள்.

வீடு தெரிகிற தூரம் வந்ததும் கேட்டேன். "அந்தப் பொண்ண எப்படிப் பேச வச்சீங்க?"

"எந்தப் பொண்ணு?"

"ஜன்னல் பக்கம் உக்காருவேன்னு சொன்னாளே."

அண்ணி செருப்பைக் கழற்றினாள். "அத மட்டும் சொல்ல மாட்டேன்," என்றாள்.

அன்று மாலையே அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். இனி மேடம் வழியாகத் தெருவுக்குத் தெரிந்துவிடும். அம்மா அழுதாள், சிரித்தாள், போன முறை மாதிரி யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தானாகவே சத்தியம் செய்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னாள். "இந்த வீட்டுல அவளுக்குத்தான் மொதல்ல தெரியும், அத்தை."

"அடி கள்ளி! எங்கிட்ட மூச்சு விடலியே நீ!" அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். "பேசாததுலயும் ஒரு நல்லது இருக்கு பாரேன்."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைக் காப்பாற்றினாளா, குத்தினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் செய்ய அவளால் முடியும். அந்தத் திறமைக்கும் சேர்த்து அன்று பொறாமைப்பட்டேன்.

இரண்டு நாள் கழித்து மேடத்தின் அறைக்கு நானே போனேன். அவர் கூப்பிடாமல் நான் அந்தக் கதவைத் தட்டியது அதுதான் முதல் முறை.

"மேடம், ஜூலை வரைக்கும் அண்ணி வரட்டும். ஆகஸ்ட்லேருந்து ரெண்டு வகுப்பையும் நான் பாத்துக்கறேன். காலை வகுப்பையும் பாத்துக்கறேன். ஜனவரியில அவங்க திரும்பி வந்ததும் ஒரு மாற்று வகுப்பு வைங்க. அப்ப முடிவு பண்ணுங்க."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

மறுபடியும் சொன்னேன். சத்தமாக.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்குக் குடுத்தாச்சே. வேணாங்கறீங்களா?"

"வேணும், மேடம்."

"பின்ன? ஜனவரியில அவங்க ஜெயிச்சுட்டா?"

"ஜெயிச்சா அவங்களுக்குக் குடுங்க."

"நல்ல மனசும்மா உங்களுக்கு."

"இல்ல, மேடம்."

"என்ன இல்ல?"

"நல்ல மனசு இல்ல."

அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, மாலைக்குள் சரி என்றார். தடுப்பு ஜனவரி வரை இருக்கட்டும், ஆனால் அதற்குப் பிறகு ஒருவர்தான், யார் அழுதாலும் ஒருவர்தான் என்றார்.

அண்ணியிடம் படியில் வைத்துச் சொன்னேன். அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எம்மேல பாவம் பாக்கறியா?"

"இல்ல."

"செஞ்சது உறுத்துதா?"

"உறுத்துது. ஆனா அதுக்காக இல்ல." அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கம்பியைப் பார்த்துச் சொன்னேன். "உங்க வகுப்புதான் பிடிச்சிருந்துதுன்னு மேடம் எங்கிட்டயே சொன்னாங்க. நீங்க இல்லாததால எனக்குக் கிடைச்சுது. அத வச்சுக்கிட்டு நான் எப்படி அந்த ரூம்ல நிக்கறது? நீங்க வரணும். வந்து எதிர்ல நிக்கணும். அப்புறம் நான் உங்கள ஜெயிக்கணும்."

கீழே யாரோ டயரை உருட்டிக்கொண்டு போனார்கள். அது போய் முடியும்வரை அண்ணி என்னையே பார்த்தாள்.

"அடிப்பாவி," என்றாள். குரலில் கோபம் இருந்தது. கோபம் மட்டும் இருக்கவில்லை. "ரெண்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். இவ்வளவு நீளமா நீ எங்கிட்ட பேசினதே இல்ல."

"ஜனவரியில வருவீங்களா?"

"வர்றேன். புள்ளைய உங்கம்மாகிட்ட குடுத்துட்டு வர்றேன். அதுக்குள்ள அந்தப் பொண்ண பேச வை, பாப்போம். முடியலன்னு எங்கிட்ட வந்து நிக்காத."

"நிக்க மாட்டேன்."

அன்று பலகையில் எதுவும் வரையவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று, நாளைக்கு நீ என்ன செய்வாய் என்று அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். வழக்கமாக இரண்டு நொடி பொறுப்பேன். பிறகு பதிலை நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். அன்று கொடுக்கவில்லை. ரேடியோ கையைத் தூக்கினான்.

"நான் சொல்றேன், மிஸ்."

"உன்னைக் கேக்கல. கையக் கீழ போடு."

அவள் நிலத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே பார்த்தாள். வகுப்பு நெளிந்தது. எனக்கே வியர்த்தது. நான் நகரவில்லை. பதில் வரவில்லை. சரி என்று சொல்லி அடுத்த பெஞ்சுக்குப் போனேன். மறுநாளும் அதே கேள்வியைக் கேட்டேன். அதற்கடுத்த நாளும்.

ஐந்தாம் நாள் கேள்வியை நான் முடிப்பதற்குள் அவள் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். ஒரே ஒரு சொல். 'மழை' என்பதற்கான ஆங்கிலச் சொல். வானத்தில் மேகமே இல்லை. நான் அவளோடு சேர்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

மாலையில் படியிறங்கும்போது அண்ணி மூச்சு வாங்கியபடி பின்னால் வந்தாள். அவள் பையை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன்.

"என்ன, பேசிட்டாளா?" என்று கேட்டாள்.

"அது எங்க வகுப்பு விஷயம், அண்ணி," என்றேன்.